தோண்டலாமா என்று கேட்டவள்

காலண்டர் இல்லை அக்கா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏறும்போதே கண்டக்டர், "என்ன பாப்பா, ஆவணியிலேயே அடுத்த வருஷக் காலண்டரா?" என்றார். இது வீட்டு பிளான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுக்கிறோம். அனுமதி கிடைத்த பிளான். கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன், வளைவில் உங்கள் கண்ணில் குத்திவிடப் போகிறது. பை உங்கள் காலில் இடிக்கிறதா? உள்ளே பழம்தான். நகர்த்தி வைக்கிறேன்.

சேத்தூரில் இறங்க வேண்டும். அண்ணியின் அம்மா வீடு அங்கேதான். அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "வானம் தோண்டியாச்சு, வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அத்தைகிட்ட நேர்ல சொல்லிட்டு வா. அவங்களுக்குப் புரியும்." அஸ்திவாரத்துக்குக் குழி எடுத்ததை பஸ் ஏறிப் போய்ச் சொல்ல வேண்டுமா? போனில் சொன்னால் ஆகாதா? கேட்டேன். "இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமில்ல" என்றுவிட்டாள். சரி என்று கிளம்பினேன். வெறும் வாயால் சொன்னால் எப்படி என்று பிளானையும் கையோடு எடுத்துக்கொண்டேன். அனுமதி வாங்காமல் கட்டுகிறோம் என்று சம்பந்தி வீட்டில் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

என் பெயர் அங்காளேஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. எங்கள் வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம். எங்கள் வகையறாவிலேயே காலேஜ் படியேறியது நான் ஒருத்தி. பி.காம். இப்போது குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். அப்பா இல்லை. அண்ணன் காளிராஜ் அச்சாபீஸில் கட்டிங் மிஷினில் நிற்கிறான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள், முட்டி வலி வந்த பிறகு போவதில்லை.

வீடு சின்ன வீடு. ஒரு ஹால், ஓர் அறை, அடுப்படி. அறை எனக்கு. படிக்கிற பிள்ளைக்குக் கதவு வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணனும் அண்ணியும் மொட்டை மாடியில் படுப்பார்கள். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். நல்ல காற்று. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவார்கள். அம்மா அந்த ஓரம், இவர்கள் இந்த ஓரம். ரேணுகா அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "மாடியில கொசு இல்ல ஈஸ்வரி" என்பாள். கொடுத்து வைத்தவர்கள் என்றுகூட நினைத்திருக்கிறேன். எனக்குக் கீழே ஃபேன் ஓடினாலும் வேர்க்கும்.

ஆடி மாதம் திடீரென்று, பின்பக்கக் காலி இடத்தில் அவர்களுக்கு ஓர் அறை எடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதுவும் ஆவணி வாஸ்துவுக்கே ஆரம்பிக்க வேண்டுமாம். வாஸ்து புருஷன் வருஷத்தில் சில நாள்தான் கண் விழிப்பார், தெரியுமே உங்களுக்கு. ஆவணியில் ஒரு நாள். விட்டால் ஐப்பசி.

"ஐப்பசியில வச்சா என்னம்மா? காலண்டர்லயே போட்டிருக்கு" என்றேன்.

"ஐப்பசி தாங்காது."

"மழைக்கா?"

"ஆமா, மழைக்குத்தான்" என்றாள் அம்மா. அண்ணி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அம்மா ரொம்ப சாஸ்திரம் பார்ப்பாள். எங்கள் தெருவே அப்படித்தான். எதிர்வீட்டுச் சீனியம்மா மாடி எடுக்க ஜல்லியெல்லாம் இறக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் புதிதாகக் கட்ட ஆரம்பிக்கக் கூடாதாம். அப்படியே நிறுத்திவிட்டார்கள். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, அந்த ஜல்லிக் குவியல் மேலேயே ஏறி விளையாடிய பிறகுதான் வேலை தொடங்கியது. ஆரம்பித்த பிறகு தெரிய வந்தால் தோஷமில்லையாம். தெரிந்த பிறகு ஆரம்பித்தால்தான் தோஷமாம். என்ன சட்டம் பாருங்கள்! நான் அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், இதற்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்லை என்று. அம்மா, "ஆமாடி, ஆதாரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

பிளான் கதைக்கு வருகிறேன். அந்தக் காலி இடத்தின் நடுவில் ஒரு பப்பாளி மரம் நின்றது. பிளான் போடுகிற இன்ஜினியரிடம், மரத்தையும் வரையுங்கள் சார் என்றேன்.

"எதுக்கு? வெட்டத்தான போறீங்க?"

"இன்னிக்கு இருக்கே சார்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒரு வட்டம் போட்டார். இதோ, விரித்துக் காட்டுகிறேன். இந்தப் பொடி வட்டம். இதுதான் மரம். இப்போது இல்லை.

வெட்டப் போகிறார்கள் என்று மரத்துக்குத் தெரிந்ததோ என்னவோ, அந்த மாதம் காய்த்துத் தள்ளியது. அண்ணிக்குப் பப்பாளி என்றால் உயிர். வந்த புதிதில் மரத்தடியில் நின்றபடியே ஒரு பழத்தை முடித்துவிடுவாள். இந்தத் தடவை ஒரு துண்டுகூடத் தொடவில்லை. "எனக்கு அலுத்துப்போச்சு ஈஸ்வரி. நீ சாப்பிடு, படிக்கிற கண்ணுக்கு நல்லது" என்று தட்டையே என் பக்கம் தள்ளிவிடுவாள். அம்மாவும் அத்தனையையும் எனக்கே அரிந்து போடுவாள். தனக்கு உயிரான பழத்தை நாத்தனாருக்கு விட்டுக்கொடுக்கிற அண்ணி எத்தனை பேருக்குக் கிடைப்பாள், சொல்லுங்கள்?

என்ன அக்கா? ஒன்றுமில்லையா? சரி.

சின்ன வீடுகளுக்குச் சுயசான்று என்று ஒரு வழி இருக்கிறது. எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதி கொடுத்து இணையத்தில் ஏற்றினால் உடனே அனுமதி வந்துவிடும். இன்ஜினியர் அதைத்தான் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. நமக்கு நாமே எப்படிச் சான்று கொடுத்துக்கொள்வது? பரீட்சை எழுதிவிட்டு நாமே மார்க் போட்டுக்கொள்கிற மாதிரி இல்லையா? அரசு வேலைக்குப் படிக்கிற பெண் நான். ஓர் அங்குலம் கூடக் குறைய இருந்து, நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால்? "வேண்டாம் சார், அதிகாரி நேரில் வந்து பார்க்கட்டும், அப்புறம் கொடுக்கட்டும்" என்றேன்.

"பாப்பா," என்றார் அவர், "உன்ன மாதிரி நாலு பேர் வந்தா நான் கம்ப்யூட்டர வித்துட்டு ஆடு வாங்கிருவேன்."

சரி, அதோடாவது நான் நின்றிருக்கலாம் என்று அண்ணன் இன்னமும் சொல்கிறான். ஆனால் அக்கா, நிபந்தனைகள் என்று ஒன்று இருக்கிறது. யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். அனுமதி வருமுன் கட்டுமானப் பணி எதையும் தொடங்கக் கூடாது. வாஸ்து நாளுக்குள் அனுமதி வராவிட்டால், பூஜையை மட்டும் போட்டுவைப்போம் என்றாள் அம்மா. பூஜை என்றால் என்ன? ஈசான்ய மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. அதில் மஞ்சள் தடவிய செங்கல். மேலே கொத்தனார் ஒரு கரண்டி சிமெண்டும் வைப்பார். குழி இருக்கிறது, செங்கல் இருக்கிறது, சிமெண்ட் இருக்கிறது, கொத்தனாரும் இருக்கிறார். இது பூஜையா, கட்டுமானமா? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு இது பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். 'வழிபாட்டின் பொருட்டுத் தோண்டப்படும் குழியானது, கட்டுமானத்தின் பொருட்டுத் தோண்டப்படும் குழியாகக் கருதப்படுமா என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மூன்றாவது பத்தி. அதை எழுதி முடித்தபோது எனக்கே ஒரு திருப்தி.

நகராட்சியில் தங்கமாரியப்பன் சார் என்று ஒருவர். வீட்டு அனுமதி பைல் எல்லாம் அவர் மேஜையில்தான். மனுவை நின்றபடி படிக்க ஆரம்பித்தார். பாதியில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு அடுத்த மேஜைக்குக் குரல் கொடுத்தார்.

"யோவ் பீட்டரு, இங்க வாய்யா. இதப் படி."

பீட்டர் சார் படித்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாப்பா, வேலைக்கு வந்து எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. தோண்டிட்டு வந்து கேட்டவன் உண்டு. தோண்டி, கட்டி, குடிபோய், பேரன் எடுத்துட்டு வந்து கேட்டவனும் உண்டு. தோண்டலாமான்னு கேட்டது நீ ஒருத்திதான்."

"தோண்டலாமா சார்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? யாரும் கேட்டதில்லையே." குரலைத் தாழ்த்தினார். "இந்தா, மனுவப் பிடி. நீ கொண்டு வரல, நான் பாக்கல. போய்ப் பூஜையப் போடு."

"தபால் பிரிவுல சீல் வாங்கிட்டேன் சார்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கேக்காம இருந்திருந்தா தப்பே இல்ல. கேட்டுட்ட. இனி பதில் சொல்லியாகணும். அதுவரைக்கும் உன் வீட்டுப் பைலும் இந்த மனுவோட சேத்துக் கட்டித்தான் கிடக்கும்."

வீட்டில் சொன்னதும் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "ஊரே தோண்டுது. நீ மட்டும் தோண்டலாமான்னு கேட்டுக்கிட்டுத் திரி" என்றான். அம்மா, "அவளச் சொல்லாத. படிக்க வச்சேன்ல, என்னச் சொல்லு" என்றாள். இரண்டும் வலித்தது. ஆனால் அண்ணி எழுந்து போய்விட்டதுதான் அதிகம் வலித்தது. பின்பக்கம் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"ஈஸ்வரி, இந்த ஆவணி தவறிப்போச்சுன்னா நமக்கு ரூம் ரெண்டு வருஷத்துக்குக் கிடையாது."

"ஏன் அண்ணி? ஐப்பசி இருக்கு, தை இருக்கு."

"மழக்காலம் பூரா ஹால்லதான்" என்று மட்டும் சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அண்ணிக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற குணம் கிடையாது. கொசுவுக்கே குறை சொல்லாதவள். அவளே இப்படிச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் தினமும் நகராட்சி வாசலில் போய் நின்றேன். காவலாளி எனக்கு நாற்காலி போடுகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டார்.

வாஸ்து நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஆய்வாளர் மேடம் வந்தார்கள். ஸ்டெல்லா மேடம். இடத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். ஸ்கூட்டியை நிறுத்தியதும் கேட்டார்கள், "அந்தக் குழிப் பொண்ணு யாரு?"

"நான்தான் மேடம்."

டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்கள். நாலு பக்கமும் அளந்தார்கள். எவ்வளவு இடம் விட வேண்டுமோ அதற்கு மேலேயே விட்டிருந்தேன். பிளானைப் பார்த்து, "இது என்ன வட்டம்?" என்றார்கள்.

"பப்பாளி மேடம்."

சிரித்துவிட்டார்கள். அம்மா ஹாலில் உட்கார வைத்து, பழம் அரிந்து அண்ணியிடம் கொடுத்தனுப்பினாள். மேடம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "நீயும் எடுத்துக்கம்மா" என்றார்கள் அண்ணியிடம்.

"எனக்குப் பிடிக்காது மேடம்."

எனக்குப் பொய் என்றால் ஆகாது அக்கா. அதுவும் அரசு அதிகாரி முன்னால். அவர்கள் ஏதோ விசாரிக்கிறார்கள், நாம் ஒன்றை மறைக்கிறோம், பிறகு எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்களே என்று பயந்துவிட்டேன். "இல்ல மேடம், அண்ணிக்குப் பப்பாளின்னா உயிர். ரெண்டு மாசமாத்தான் தொட மாட்டேங்கிறாங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும். அண்ணி தரையைப் பார்த்தாள். மேடம் அண்ணியைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், மாடிப்படியோரம் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார்கள்.

"நீ எங்கம்மா படுக்கிற?"

"மாடில மேடம்."

"இந்தப் படி ஏறியா?"

எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அதை விதிமீறல் என்று எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் மேடம் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "வாஸ்து என்னைக்கு?" என்றார்கள்.

"நாளான்னிக்கு" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

"பூஜைக்குத் தோண்டுற குழி கட்டடக் குழி ஆகாது. அத நான் எழுதித் தர்றேன். அளவெல்லாம் சுத்தமா இருக்கு, நாளைக்கே பெர்மிஷனும் போட்டு அனுப்புறேன். நல்லபடியா ஆரம்பிங்க."

கேட்டீர்களா அக்கா? வழிபாட்டின் பொருட்டுத் தோண்டப்படும் குழி, கட்டுமானத்தின் பொருட்டுத் தோண்டப்படும் குழி! என்னுடைய மூன்றாவது பத்தி அப்படியே அவர்கள் வாயில் வந்தது. ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் செய்யத்தான் செய்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை. கிளம்பும்போது மேடம் அண்ணியின் கன்னத்தைத் தட்டி, "படியில பாத்து ஏறும்மா" என்றார்கள். மனு எழுதியது நான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரவாயில்லை.

மறுநாள் அனுமதி வந்தது. வாஸ்து அன்று பூஜையும் நடந்தது. அண்ணிக்கு வெயில் ஆகாது என்று அம்மா அவளை ஹாலுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டாள். கொத்தனார் முதல் மண்ணை வெட்டிப் போட்டதும் அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "இனி யாருக்கு வேணாலும் தெரியட்டும்" என்றாள். ஆமாம், அனுமதி விவரத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. நான் உடனே ஒரு நகலை வாசலில் ஒட்டினேன்.

ஒரே ஒரு விஷயம்தான் அக்கா மனதில் கிடக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலமே அம்மா, "புது ரூம் எழும்புற வரைக்கும் உன் ரூம அண்ணிக்கு விட்டுக்கொடு" என்றாள். கொடுத்தேன். புத்தகத்தையெல்லாம் ஹாலுக்குக் கொண்டு வந்தேன். ஆனால், போன தேர்விலும் நான் தேறவில்லை, இவள் இனிமேலா தேறப்போகிறாள் என்று நினைத்துவிட்டார்களோ? அதைத்தான் கேட்க முடியவில்லை. ஒரு தடவை கேட்டுப் பட்டது போதும்.

சேத்தூர் வர இன்னும் நேரமிருக்கிறது, இல்லையா? இந்தப் பையா? அம்மா, பூவும் பழமும் கடையில் வாங்கிக்கொண்டு போ என்றாள். எதற்கு வாங்க வேண்டும்? மரத்தை வெட்டும்போது இறக்கிய பப்பாளி வீட்டில் கிடக்கிறது. நல்லதாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது. அத்தையிடம் கொடுத்து, அடுத்த வாரம் பெண்ணைப் பார்க்க வரும்போது இதில் அல்வா கிண்டிக்கொண்டு வாருங்கள், அண்ணி ஆசையாகச் சாப்பிடுவாள் என்று சொல்லப்போகிறேன்.

ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிளானில் ஏதாவது தப்பா? இல்லையா? பின்னே எதை யோசிக்கச் சொல்கிறீர்கள்? எதிர்வீட்டையா? எதிர்வீட்டு ஜல்லிக்கும் எங்கள் வீட்டுக்கும் என்ன...

இருங்கள்.

இருங்கள் அக்கா.

பப்பாளி. ஐப்பசி தாங்காது. மாடிப்படி. 'இனி யாருக்கு வேணாலும் தெரியட்டும்.'

ஐயோ.

அந்த மேடத்துக்குக்கூட ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. உங்களுக்கு எப்போது தெரிந்தது? பப்பாளித் தட்டிலேயேவா? என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஜோசியரிடம் போயிருப்பேன். தெரிந்துவிட்ட பிறகு தோண்டலாமா என்று கேட்டிருப்பேன். எழுதிக் கேட்டிருப்பேன். அண்ணிக்கு ஒரு நகல் வைத்து.

அந்த வயிற்றோடு அவள் கைப்பிடி இல்லாத படியில் ஏறிப் போய்ப் படுத்திருக்கிறாள். நான் கீழே ஃபேனைப் போட்டுக்கொண்டு, முழுப் பப்பாளியையும் தின்றுகொண்டு, இந்தியாவின் தேசிய வருமானம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அறை ஒன்றும் இனி எனக்கு வேண்டாம். ஹாலில் படித்தால் ஏறாதா என்ன? ஏறாவிட்டால் அது என் தலையின் குறை.

கண்டக்டர் அண்ணே, சேத்தூர் ஸ்டாப்பில் பூக்கடை இருக்கும்தானே? பழக்கடை? சாத்துக்குடி கொடுக்கலாமா அக்கா? மாதுளை? நிச்சயமாகத் தெரியுமா? அன்னாசி கூடாது, சரி. நல்லவேளை சொன்னீர்கள்.

இந்தப் பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இப்போது யாரும் அப்படி இல்லையே? கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஆனாலும் அக்கா, அந்த மனு நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நகல் இருக்கிறது. மூன்றாவது பத்தியை மட்டும் படித்துக் காட்டட்டுமா?